குப்பை இல்லாத வளாகம்

எங்க சம்பந்தி சொல்றத நான் முழுசா நம்புறது வழக்கமில்ல. பொண்ணுக்கு சமையல் எல்லாம் அத்துப்படின்னு சொல்லித்தான் என் மகனுக்குக் கட்டிக் கொடுத்தாங்க. கல்யாணம் ஆன மறுவாரமே தெரிஞ்சு போச்சு, என் மருமகளுக்கு முட்டைய ஓடு விழாம உடைக்கக்கூட வராதுன்னு. அதனால ஒரு சாயங்காலம் சம்பந்தி வந்து உக்காந்து, "இன்னையிலேருந்து எங்க பல்கலைக்கழகத்துல குப்பையே கிடையாது சம்பந்தி"ன்னு சொன்னப்போ, சரி, இதுவும் முட்டைக் கதைதான்னு நெனச்சு டீய நீட்டினேன்.

கேக்கக் கேக்க அவங்க மேல இருந்த சந்தேகம் போயி பல்கலைக்கழகத்து மேல வந்துடுச்சு.

சம்பந்திக்கு அங்க துப்புரவு வேலை. வேதியியல் கட்டடத்துல மூணாவது மாடி முழுக்க அவங்க பொறுப்பு. எட்டு ஆய்வுக்கூடம், ரெண்டு நீள நடை, ஒரு கழிவறை. பதினோரு வருஷமா ஒப்பந்தத்துலயே ஓடுது. இந்த வருஷம்தான் நிரந்தரம் பண்ற ஆணை தயாராகி பதிவாளர் மேசைக்குப் போயிருக்குன்னு சொன்னாங்க. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. நானும் தினமும் கேப்பேன், ஆச்சான்னு. மேசையில இருக்கு சம்பந்தின்னுவாங்க. மேசை எவ்வளவு பெருசோ தெரியல, அஞ்சு மாசமா அது மேலயேதான் இருந்துச்சு.

அவங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் அச்சடிச்ச தாள தூக்கிப் போட மனசு வராது. மறுபக்கம் வெள்ளையா இருக்கேம்பாங்க. தொட்டியிலேருந்து பொறுக்கி, தட்டி நீவி, நாப்பது தாள் சேந்ததும் கோணி ஊசியால தச்சு, கண்ணாடிக் குடுவை வர்ற அட்டைப்பெட்டிய வெட்டி மேலட்டை போட்டு, பேத்திக்கு நோட்டாக்கிக் கொண்டு வந்துடுவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் இருக்கறது அந்த ஒரே பேத்திதான். அவ கணக்குப் போடறது எல்லாம் அந்த நோட்டுலதான். இந்தப் பக்கம் ஏழாம் வாய்ப்பாடு, அந்தப் பக்கம் ஏதோ அமிலம். நல்ல தடிமனான தாள், மை ஊறாது.

இப்ப அந்தக் குழுவுக்கு வர்றேன். வளாகத்தையே சுத்தம் பண்ணப் போறோம்னு ஒரு குழு போட்டாங்க. அதுக்குத் தலைவரா ஒரு பேராசிரியர். எப்பவும் பச்சை நிறத்துல ஒரு கோட்டு மாட்டிக்கிட்டுத் திரியறதால சம்பந்தி அவருக்குப் பச்சைக்கோட்டுன்னே பேர் வச்சுட்டாங்க. குழுவோட முதல் சுற்றறிக்கை வந்துச்சு. "இனி இவ்வளாகத்தில் குப்பை என்ற சொல்லை எவரும் எழுத்திலோ பேச்சிலோ பயன்படுத்தலாகாது. வளம் என்றே குறிப்பிடவும்." கீழ பச்சைக்கோட்டோட கையெழுத்து, முத்திரை. கதவுக்கு ஒண்ணா, ஜன்னலுக்கு ஒண்ணா, கழிவறைக்குள்ள மூணா ஒட்டினாங்க. காகிதத்த வீணாக்காதீங்கன்னு ரெண்டாவது சுற்றறிக்கை. அது அதவிட நிறைய. எல்லாம் ஒரு பக்கம்தான் அச்சு. பேத்திக்கு அந்த மாசம் மூணு நோட்டு தேறிச்சு.

தொடக்க விழாவுல பச்சைக்கோட்டு பேசினத சம்பந்தி கடைசி வரிசையில நின்னு கேட்டிருக்காங்க. எனக்கு அப்படியே பேசிக் காட்டினாங்க.

"குப்... அந்தப் பொருள் ஒரு பொருளே இல்ல. அது ஒரு மனநிலை. நாம பாக்கறதாலதான் அது இருக்கு. பாக்காம இருக்கக் கத்துக்கிட்டா அது இல்லாம போயிடும். இந்தப் பல்கலைக்கழகம் பல விஷயத்துல ஏற்கனவே அப்படித்தான் நடந்துக்கிட்டு வருது."

கை தட்டினாங்களாம். சம்பந்தி கையில மாப்பு இருந்ததால தட்டலையாம்.

அப்புறம் நடைக்கு நடை அஞ்சு தொட்டி வந்துச்சு. நீலம் காகிதத்துக்கு, பச்சை சாப்பாட்டுக்கு, மஞ்சள் பிளாஸ்டிக்குக்கு, சிவப்பு ஆபத்தானதுக்கு, சாம்பல் எதுலயும் சேராததுக்கு. ஆனா சாம்பல் தொட்டியில எது விழுந்தாலும் அந்தத் துறைக்கு மதிப்பெண் குறையும். அதனால சாம்பல் தொட்டிக்குப் பூட்டு போட்டு சாவிய பச்சைக்கோட்டே வச்சுக்கிட்டாரு. யாருக்கும் மதிப்பெண் குறையக்கூடாதுன்னு நல்லெண்ணம்தான்.

முதல் நாளே ஒரு பேராசிரியர் டீப்பை ஒண்ண விரல்ல தொங்க விட்டுக்கிட்டு அஞ்சு தொட்டிக்கு முன்னாடி நின்னிருக்காரு. நூல் துணி, நுனியில இருக்கற சீட்டு காகிதம், உள்ள இலை, மேல இரும்புப் பின்னு. எதுல போடறதுன்னு குழுவுக்கு எழுதிக் கேட்டாங்க. குழு மூணு தடவ கூடிப் பேசி, முடிவு தெரியற வரைக்கும் கையிலயே வச்சிருக்கும்படி பதில் அனுப்பிச்சு. சம்பந்தி மதியம் மாப்பு போடப் போறப்போ அந்த மனுஷன் இன்னும் அங்கயே நிக்கறாரு. காலத் தூக்குங்க சார்னு சொல்லி அடியில தொடச்சுட்டு வந்தாங்களாம்.

நம்பலாமா வேணாமான்னு நான் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே அடுத்த வாரம் தொட்டிக்கு மேல கேமரா வந்துடுச்சு. நீலத் தொட்டியில ஒரு வாழப்பழத் தோல் கெடந்துச்சாம். யாரு போட்டதுன்னு துறை முழுக்க விசாரணை. பழம் சாப்பிடறவங்க யாரு யாருன்னு பட்டியல் எடுத்தாங்க. அன்னையிலேருந்து ஒருத்தர் முன்னாடி ஒருத்தர் பழம் உரிக்கறதில்ல. கழிவறைக்குள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு தின்னுட்டு, தோல சட்டப்பையில வச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வெளிய வர்றாங்க. சம்பந்திக்கு வாசனையே காட்டிக் கொடுத்துடும். அவங்க யாருகிட்டயும் மூச்சு விடல.

வேதியியல்காரங்க அவங்க தோலையும் காகிதக் கோப்பையையும் கைப்பையில ஒளிச்சு எடுத்துட்டுப் போயி இயற்பியல் துறைத் தொட்டியில போட்டுட்டு வந்தாங்க. இயற்பியல்காரங்க கணிதத்துல கொண்டு போயிப் போட்டாங்க. கணிதத்துல இருக்கறதே சாக்பீஸ் துண்டும் நாலு மனுஷங்களும்தான். அந்தத் துறைக்குத் திடீர்னு இவ்வளவு எப்படி வந்துச்சுன்னு தனி விசாரணை. யாரு கைப்பையத் தூக்கிக்கிட்டு வந்தாலும் மத்தவங்க கண்ணு முகத்துக்குப் போகாது, பைக்குத்தான் போகும். முப்பது வருஷம் ஒண்ணா வேலை பாத்தவங்க, படிக்கட்டுல எதிர எதிர வந்தா பைய மறுபக்கத் தோளுக்கு மாத்திக்கறாங்களாம்.

சரி, அவரவர் வீட்டுக்கே கொண்டு போயிடலாமேன்னு நான் கேட்டேன். அதுக்கும் வழி இல்ல. பெரிய வாசல்ல ஒரு பலகை மாட்டியிருக்காங்க, ராத்திரியும் பகலும் எரியும். "இன்று வெளியேறியது: 0 கிலோ." என்ன வெளியேறியதுன்னு போடல, அந்த வார்த்தைய எழுதக்கூடாதே. அந்த சைபரக் காப்பாத்தறதுக்காக வாசல் காவலாளி உள்ள வர்ற பைய விட்டுட்டு வெளிய போற பையத்தான் கிளறுவாரு. பச்சைக்கோட்டு அவருக்குப் பாடம் எடுத்திருக்காரு. வாசலத் தாண்டினாதான் அது அது, தாண்டாத வரைக்கும் அது வளம்னு.

அப்ப தெனமும் சேர்றது எங்கதான் போகுதுன்னு கேட்டேன். சம்பந்தி சுத்திமுத்திப் பாத்தாங்க. எங்க வீட்டுக் கூடத்துல என்னயும் அவங்களயும் விட்டா தொலைக்காட்சிப் பெட்டிதான் இருக்கு. அதையும் அணைக்கச் சொன்னாங்க. அப்புறம் இடுப்புலேருந்து ஒரு சாவிக்கொத்த எடுத்துக் காட்டினாங்க.

பச்சைக்கோட்டு அவங்ககிட்ட ரகசியமா ஒப்படைச்சதாம். மூணாவது மாடியில காலியா இருந்த பொருள் அறை முதல்ல. அது ரொம்பினதும் பதினாலாம் நம்பர் அறை. அதுவும் ரொம்பினதும் மாநாட்டு அரங்கம். அதே மாடிக் கோடியில எரநூறு நாற்காலி போட்ட பெரிய கூடம் அது. எல்லாக் கட்டடத்துலேருந்தும் வர்ற மூட்டைய ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாப் பாத்து சம்பந்தி டிராலியில தள்ளிக்கிட்டுப் போயி அங்க அடுக்கணும். அஞ்சு நிறமும் அஞ்சு மூலைக்குன்னு ஆரம்பிச்சாங்களாம், அரங்கத்துக்கு நாலு மூலைதான் இருந்துச்சாம். கதவுல "வளக் காப்பகம்"னு பலகை. யாராவது என்னம்மா நாத்தம்னு கேட்டா ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லச் சொல்லியிருக்காரு. வேதியியல் கட்டடம் பாருங்க, யாரும் மறுபேச்சு பேசல.

சாவி உங்க கையில இருக்கற வரைக்கும் பழியும் உங்க கையிலதான்னு சொன்னேன். ஆணை கையெழுத்தாகட்டும் சம்பந்தி, அதுவரைக்கும் அவரப் பகச்சுக்கக்கூடாதுன்னாங்க.

நான் சொன்ன பத்தாம் நாள் அது நடந்துச்சு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வரும்போது காவலாளி பையக் கிளறினாரு. டிபன் டப்பா, குடை, அப்புறம் தச்சு முடிச்ச ஒரு நோட்டு. புரட்டினா நாப்பது தாளும் பல்கலைக்கழகத்துத் தாள். காவலாளிக்கு சம்பந்திய பதினோரு வருஷமாத் தெரியும், அவரு மகளுக்கே ஒரு நோட்டு தச்சுக் குடுத்திருக்காங்க. ஆனாலும் வாசல்லயும் கேமரா பாக்குதே. என்ன மன்னிச்சுடுங்கக்கான்னு சொல்லிக்கிட்டே நோட்டப் பிடுங்கிக்கிட்டாரு.

மறுநாள் குறிப்பாணை. "பல்கலைக்கழக வளத்தை அனுமதியின்றி வளாகத்திற்கு வெளியே கடத்த முயன்றது ஏன் என்று மூன்று பிரதிகளில் விளக்கம் அளிக்கவும்." நிரந்தர ஆணைய விசாரணை முடியற வரைக்கும் நிறுத்தி வைக்கறதா கீழ ஒரு வரி. மேசை மேல இருந்த தாள் இப்ப மேசைக்குள்ள போயிடுச்சு.

நான் உண்மையச் சொல்லிடறேன், எனக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. வெறும் தாளுக்கா இவ்வளவு பெரிய காகிதம் குடுப்பாங்க, வேற ஏதாவது எடுத்திருப்பாங்களோன்னு. பேத்தி பள்ளிக்கூடம் போனதும் அவளோட நோட்டையெல்லாம் எடுத்து ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணுல "காகிதத்தை மறுபடி பயன்படுத்துவோம்"னு ஒரு சுற்றறிக்கையே பதினாறு தடவ இருந்துச்சு. பின்பக்கம் எட்டாம் வாய்ப்பாடு. எனக்கே வெக்கமாப் போச்சு. அன்னிக்கு சம்பந்திக்கு டீயில ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டேன். ஏன்னு அவங்களுக்குத் தெரியாது.

விளக்கத்த என் மருமக எழுதினா. முட்டை உடைக்க வராட்டியும் அவ கையெழுத்து முத்து முத்தா இருக்கும். சம்பந்தி எங்க எழுதச் சொன்னாங்க தெரியுமா, அந்தக் குறிப்பாணைக்குப் பின்பக்கமே. மறுபக்கம் வெள்ளையாத்தானே இருக்குன்னாங்க.

விசாரணையில பதிவாளர் நடுவுல, பச்சைக்கோட்டு பக்கத்துல. சம்பந்திய உக்காரச் சொல்லல.

"நீங்க எடுத்தது வளம்தானே?"ன்னு பதிவாளர் கேட்டிருக்காரு.

"இல்ல சார், குப்பை."

ரெண்டு பேரும் நாற்காலியில நெளிஞ்சாங்களாம். பச்சைக்கோட்டு எழுந்துபோயி கதவச் சாத்திட்டு வந்தாரு.

"இந்த வளாகத்துல அப்படி ஒண்ணு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இல்லாமலா சார் நான் பதினோரு வருஷமாக் கூட்டிக்கிட்டு இருக்கேன்?"

பதிவாளர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு, பொறுமையா விளக்கினாராம். எடுத்தது வளம்னா அது திருட்டு, வேலை போகும். எடுத்தது அந்த இன்னொண்ணுன்னு சொன்னா, பல்கலைக்கழகத்துல அது இருக்குன்னு பொய்க் குற்றச்சாட்டு சொன்னதா ஆகும், அப்பவும் வேலை போகும். நீங்களே யோசிச்சு உங்களுக்கு எது வசதியோ அதச் சொல்லுங்க, நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. அப்படியே இதையும் யோசிங்க, அது இல்லாத வளாகத்துக்குத் துப்புரவுக்கு ஆள் எதுக்குன்னு குழு ஏற்கனவே கேட்டிருக்குன்னாராம்.

வெளியூர்லேருந்து தரச்சான்று குடுக்கற ஆய்வுக்குழு வெள்ளிக்கிழமை வருது, அது முடிஞ்சு திங்கக்கிழமை தீர்ப்புன்னு அனுப்பிட்டாங்க. சம்பந்தி வந்து உக்காந்தவங்க டீயத் தொடல. பதினோரு வருஷம் குனிஞ்சு குனிஞ்சு வேலை பாத்தேன் சம்பந்தி, இப்ப நிமிந்து நிக்கச் சொல்லித் திருடிங்கறாங்கன்னாங்க.

அப்புறம் வியாழக்கிழமை காலைல ஒரு கூத்து நடந்துச்சு. ஆய்வுக்குழுவ வரவேற்கறதுக்கு அழைப்பிதழ் அடிச்சாச்சு, பூ சொல்லியாச்சு, இடம் மாநாட்டு அரங்கம். பல்கலைக்கழகத்துல எரநூறு பேர் உக்கார அது ஒண்ணுதான் இருக்கு. அந்த அரங்கத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. அதுல ஒருத்தரு அழைப்பிதழப் பாத்துட்டு மூணு மாடி ஏறி ஓடி வந்தாரு.

அதுவரைக்கும் சம்பந்திய அவரு "யாரங்க"ன்னுதான் கூப்பிடுவாரு. அன்னிக்குதான் முதல் தடவையா "அம்மா"ன்னாரு. சாயங்காலத்துக்குள்ள அரங்கத்தக் காலி பண்ணிடுங்கம்மான்னாரு.

எங்க வைக்கறது சார்னு கேட்டாங்க சம்பந்தி. பதினாலாம் நம்பர் கதவே மூட முடியல, பொருள் அறை திறக்கவே முடியல. அப்ப வெளிய அனுப்பிடுங்கன்னாரு, நகராட்சி வண்டிக்கு நானே சொல்லிடறேன்னாரு. வளத்த வெளிய கொண்டு போனா திருட்டாச்சே சார், ஏற்கனவே ஒரு நோட்டுக்கே நிக்கறேன், நாலு வண்டிய நான் தாங்குவேனா, எழுதிக் குடுங்கன்னாங்க.

எழுத அவருகிட்ட தாள் இல்ல. காகிதத்த வீணாக்காதீங்கன்னு அவரே அறிவிச்ச தாளில்லாத அலுவலகம் ஆச்சே. சம்பந்திதான் டிராலி அடித்தட்டுலேருந்து ஒண்ண உருவிக் குடுத்தாங்க. சுவத்து மேல வச்சு எழுதினாரு. "மாநாட்டு அரங்கில் உள்ள தேவையற்ற பொருட்களை அகற்றவும்."

சம்பந்தி எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சுப் படிச்சாங்க. தேவையற்றதுன்னா வளம் இல்லையா சார்னு கேட்டாங்க. அடிச்சுட்டு, "மிகுதியான வளத்தை"ன்னு எழுதினாரு. அப்ப அது வளம்தானே சார்னாங்க. அதையும் அடிச்சுட்டு, "வளம் அல்லாத வளத்தை"ன்னு எழுதினாரு. எழுதிட்டு அவரே ஒரு தடவ படிச்சுப் பாத்துட்டு அடிச்சாரு. அதுக்குள்ள அரங்கத்துக் கதவு இடுக்குல ஏதோ கசிஞ்சு அவரு ஷூவுக்குக் கிட்ட வந்துடுச்சு.

"என்னதான்மா எழுதச் சொல்றீங்க?"

"உள்ள என்ன இருக்கோ அத எழுதுங்க சார்."

இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, கேமராவ அண்ணாந்து பாத்தாரு. உடம்பால மறச்சுக்கிட்டு எழுதினாரு. "மாநாட்டு அரங்கில் உள்ள குப்பையை உடனே அகற்றவும்." கையெழுத்து, தேதி. முத்திரையும் வேணும் சார்னு சொன்னதும் பல்லக் கடிச்சுக்கிட்டு கீழ போயி வச்சுட்டு வந்தாரு. தாள மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வேலையில இறங்கினாங்க. நாலு வண்டி போச்சு. வாசல் பலகைய அன்னிக்கு மட்டும் பழுதுன்னு அணச்சு வச்சிருந்தாங்க. காவலாளி வண்டிக்கு வழிவிட்டு வானத்தப் பாத்துக்கிட்டு நின்னாராம்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு வந்துச்சு. அரங்கத்துல ஊதுற வாசனைத் திரவியம் பன்னெண்டு டப்பா காலி. இது என்ன ஒரு மாதிரி வாசனைன்னு ஒருத்தர் கேட்டதுக்கு, இதுதான் இயற்கைன்னு பச்சைக்கோட்டு சொன்னாரு. தரச்சான்று குடுத்தாங்க. காலியான பன்னெண்டு டப்பாவும் பதினாலாம் நம்பர் அறைக்குப் போச்சு.

திங்கக்கிழமை பதிவாளர் அதே கேள்வியக் கேட்டாரு. எடுத்தது வளமா, இன்னொண்ணா. சம்பந்தி ஜாக்கெட்டுலேருந்து தாள எடுத்து, கையில குடுக்காம, ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. பின்பக்கம் கோணல் மாணலா அடிச்சு அடிச்சு எழுதி, கடைசியில அந்த வார்த்தை, கையெழுத்து, முத்திரை. அப்புறம் மெதுவாத் திருப்பி முன்பக்கத்தக் காட்டினாங்க. அந்த வார்த்தைய எவரும் எழுத்திலோ பேச்சிலோ பயன்படுத்தலாகாதுங்கற முதல் சுற்றறிக்கை. அதே கையெழுத்து, அதே முத்திரை.

பதிவாளர் முன்பக்கம் படிச்சாரு. திருப்பச் சொல்லிப் பின்பக்கம் படிச்சாரு. ஒரு டம்ளர் தண்ணி முழுக்கக் குடிச்சாரு. பச்சைக்கோட்டு மேல சுத்தற மின்விசிறியப் பாத்துக்கிட்டிருந்தாரு.

"புகார் பதிவானதுல ஏதோ எழுத்துப் பிழை இருந்திருக்கு"ன்னாரு பதிவாளர். மேசை இழுப்பறையத் திறந்து ஆணைய எடுத்து, படிக்காமயே கையெழுத்துப் போட்டாரு. நோட்டையும் திருப்பிக் குடுத்துட்டாரு.

மறுநாள் பச்சைக்கோட்டு மூணாவது மாடிக்கு வந்தாரு. அம்மா, அந்தத் தாள் வேல முடிஞ்சுதுன்னா குடுத்துடுங்களேன்னு கொழஞ்சாரு. அதுவா சார், தொட்டியில போட்டுட்டேனேன்னாங்க சம்பந்தி. எந்தத் தொட்டின்னு கேட்டாரு. அங்கதான் சார் எனக்குக் குழப்பம், தாளுன்னு பாத்தா நீலம், முத்திரை மை விஷம்னு சொல்வீங்களே, அப்ப சிவப்பு, எதுலயும் சேராததுன்னா சாம்பல், அதுக்குச் சாவி உங்ககிட்டதான் இருக்குன்னாங்களாம்.

அன்னையிலேருந்து மனுஷன் கட்டடம் கட்டடமாப் போயி முழங்கை வரைக்கும் கைய விட்டுத் தொழாவிக்கிட்டு இருக்காரு. என்ன சார் தேடறீங்கன்னு கேட்டா சொல்ல வாய் வராது. தலைவரே கைய விட்டு ஆய்வு பண்றாருன்னு இப்ப அவருக்குப் பாராட்டு விழா வேற ஏற்பாடு பண்றாங்க.

அந்த வாரக் கடைசியில ஆணை கைக்கு வந்துச்சு, அன்னிக்கு சாயங்காலம் சம்பந்தி வந்தாங்க. "வள உதவியாளர், நிரந்தரம்"னு போட்டிருந்துச்சு. படிச்சுட்டு மடிச்சு வச்சாங்க. அப்புறம் இன்னொரு மடிப்ப எடுத்து விரிச்சாங்க, தொட்டியில போட்டுட்டதா சொன்ன அதே தாள். நான் அப்பவே சொன்னேனே, சம்பந்தி பேச்ச முழுசா நம்பக்கூடாதுன்னு.

முன்ன பின்ன திருப்பிப் பாத்தேன். ரெண்டு பக்கமும் எழுதியாச்சு, ஓரத்துலகூட இடமில்ல, பேத்தி ஒரு கூட்டல் போடக்கூட ஆகாது. "இனிமே இது குப்பைதானே சம்பந்தி"ன்னேன்.

சம்பந்தி தாள என் கையிலேருந்து வாங்கி, ஆணைக்குள்ள வச்சு மடிச்சு, நகைப்பெட்டிக்கு அடியில வைக்கணும்னு சொல்லி ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டாங்க.

"பதினோரு வருஷமா அந்த வளாகத்துலேருந்து நான் எடுத்ததுலயே இது ஒண்ணுதான் வளம்"னாங்க.